காலின் தசைகளும் தேகப்பயிற்சியும்

குழித்தறியில் அமர்ந்து நெய்பவருக்குக் கையைப் போலவே காலும் ஒரு கருவியாகும். மிதிபலகைகளை மாற்றி மாற்றி மிதித்தால்தான் விழுதுகள் ஏறி இறங்கிப் பாவு பிரியும், நாடா ஓடும். சேற்றில் நின்று நாற்று நடுபவருக்கும் காலே ஆதாரம். கால் தளர்ந்தால் தொழில் தளரும். தொழில் தளர்ந்தால் கூலி குறையும். ஆகவே காலை இயக்கும் தசைகளைப் பற்றி அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

தசை வேலை செய்யும் விதம்

தசைக்கு இழுக்கத்தான் இயலும், தள்ள இயலாது. ஆதலால் மூட்டின் இருபுறமும் எதிரெதிர்த் தசைகள் அமைந்துள்ளன. ஒரு விழுது இறங்க மற்றொன்று ஏறுவதைப்போல, ஒரு தசை சுருங்கும்போது எதிர்த் தசை தளர்ந்து நீள்கிறது.

தொடையின் முன்புறத்திலுள்ள நான்கு தசைகள் சுருங்கினால் முழங்கால் நிமிரும். பின்புறத்து மூன்று தசைகள் சுருங்கினால் மடங்கும். கெண்டைக்காலின் இரு பெருந்தசைகளும் ஒரே தடித்த நாணாகத் திரண்டு குதிகால் எலும்பில் பதிகின்றன. இவை சுருங்கும்போது, நிற்பவருக்குக் குதிகால் உயரும். அமர்ந்திருப்பவருக்குப் பாதம் கீழ்நோக்கி அழுத்தும். இவற்றுள் வெளித்தசை முழங்காலைக் கடந்து தொடை எலும்பில் தொடங்குவதால், முழங்கால் மடங்கியிருக்கையில் தொய்ந்துவிடுகிறது. அப்போது பாரத்தைப் பெரிதும் ஏற்பது உள்தசையே.

பஸ்கி எடுக்கையில் எழும்போது தொடையின் முன்தசைகளும் புட்டத் தசைகளும் சுருங்குகின்றன. இறங்கும்போதும் அவையே உழைக்கின்றன; ஆனால் கிணற்றில் குடத்தை இறக்குபவர் கயிற்றைப் பிடித்தவாறே விட்டுக்கொடுப்பதுபோல, பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கின்றன. புதிதாகப் பயில்வோருக்கு மறுநாள் தோன்றும் தசைவலிக்கு இதுவே முக்கிய காரணம். அது சில நாட்களில் தணியும்.

இரண்டாவது இதயம்

காலின் இரத்தம் இதயத்தை அடைய மேல்நோக்கி ஏறவேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்குந்தோறும் உள்ளிருக்கும் நாளங்கள் பிழியப்பட்டு இரத்தம் மேலேறுகிறது. அது கீழே திரும்பாதபடி நாளங்களினுள் சிறு கதவுகள் உள்ளன. இக்கதவுகள் இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே செல்லவிடும் என்பதை 1628-ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர் விளக்கினார். தார் சுற்றவோ இழை பிணைக்கவோ நெடுநேரம் அசையாதிருந்தால் இந்த இறைப்பு நின்றுபோகும்; மாலையில் கால் கனத்து வீங்கும்.

செய்யவேண்டியவை

1. மணிக்கொரு முறை குழியைவிட்டு எழுந்து, தூணைப் பிடித்துக்கொண்டு பத்து முறை குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குக.

2. அமர்ந்தே செய்யும் வேலைகளின் நடுவில் பாதங்களை மேலும் கீழும் அசைத்துவருக.

3. காலையில் பத்து பஸ்கி போதும். முழங்கால் வலியுள்ளோர் சுவரைப் பிடித்துப் பாதியளவே இறங்குக.

ஓர் எச்சரிக்கை: ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் சூடும் கண்டால், நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் செல்க. மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

வாசிப்பு வட்டத்திற்கு வினாக்கள்

1. மூட்டுக்கு எதிரெதிர்த் தசைகள் ஏன் வேண்டும்?

2. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்பது எதனால்?

3. நம் தறிக்கூடத்தில் எழுந்து நிற்க எந்நேரத்தை ஒதுக்கலாம்?