எரியிற் பிழைத்த ஏடுகள்

ஒரு நாட்டு மக்கள் பன்னூற்றாண்டுகளாகத் தேடிய அறிவுச்செல்வம் ஓரிடத்துத் திரண்டு கிடப்பது அந்நாட்டின் தேசிய நூலகத்திலாம். அங்குக் கண்ணாடிப் பேழைகளுள் வைத்துக் காக்கப்பெறும் பழஞ்சுவடிகளைக் காண்போர், அவை எழுதப்பட்ட நாள்முதல் இங்ஙனமே பேணப்பட்டு வந்தன என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. நீரும் நெருப்பும் செல்லும் பூச்சியும் அவற்றிற்குப் பகையாய் நின்றன. இவை யாவற்றினும் கொடிய பகை மக்களின் அசட்டையே. இதனை விளக்குதற்கு, லண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள காட்டன் சுவடித் தொகுதியின் வரலாற்றினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எட்டாம் ஹென்றி மன்னன் 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தின் மடங்களைக் கலைத்தபோது, அவற்றிலிருந்த நூல்கள் திக்குத் திக்காய்ச் சிதறின. பல அழிந்தன, சில பொருளறியாதார் கையிற் சிக்கின. அவ்வாறு சிதறியவற்றைத் தேடித் தொகுத்தோருள் தலைசிறந்தவர் சர் ராபர்ட் காட்டன் என்பவர் (1571–1631). அவர் தம் நூலகத்து அலமாரிகளின்மேல் உரோமைச் சக்கரவர்த்தியரின் தலைச்சிலைகளை வைத்து, அவர் பெயராலேயே நூல்களுக்கு அடையாளம் இட்டார். பியோவுல்ப் என்னும் பழைய ஆங்கிலக் காப்பியத்தின் ஒரே சுவடி, விட்டெல்லியஸ் சிலையின்கீழ் முதல் தட்டில் பதினைந்தாவதாக நின்றது. ஏறத்தாழ 700-ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற லிண்டிஸ்பார்ன் சுவிசேஷச் சுவடி, நீரோவின்கீழ் நான்காம் தட்டில் நான்காவதாக இருந்தது. அலமாரிகள் மறைந்து நெடுங்காலமாகியும், அந்நூல்கள் இன்றும் அப்பெயர்களாலேயே குறிக்கப்பெறுகின்றன.

காட்டன் தம் நூல்களை அறிஞர் பலர்க்கும் தடையின்றி வழங்கியவர். ஆயினும், பழம்பத்திரங்கள் அரசுரிமைக்கு எதிரான வாதங்களுக்குத் துணையாகும் என்று அஞ்சிய முதலாம் சார்லஸ் மன்னன் ஆணைப்படி, 1629-இல் அந்நூலகம் பூட்டி முத்திரையிடப்பட்டது. தம் நூல்களைப் பழையபடி எய்தப்பெறாமலே 1631-இல் அவர் உயிர் நீத்தார். பின்னர், அவர் பேரர் சர் ஜான் காட்டன் விருப்பப்படி அத்தொகுதி 1702-இல் நாட்டு மக்களுக்கு உரியதாயிற்று.

உரிமை மாறியதேயன்றி, உறையுள் சீர்ப்படவில்லை. காட்டன் மாளிகை பழுதுற்றமையால் நூல்கள் 1722-இல் எசெக்ஸ் மாளிகைக்குக் கொண்டுபோகப்பட்டன. அம்மாளிகை எளிதில் தீப்பற்றக்கூடியது என்ற அச்சத்தால், அங்கிருந்து வெஸ்ட்மின்ஸ்டரிலுள்ள ஆஷ்பர்ன்ஹாம் மாளிகைக்கு மாற்றப்பட்டன. தீக்கு அஞ்சிப் புகுந்த அவ்விடத்திலேயே தீயும் வந்தது!

1731-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் பின்னிரவில், நூலகத்திற்குக் கீழிருந்த அறையில் கணப்படுப்பை ஒட்டிய மரத்தில் பற்றிய தீ மேலே பரவியது. துணை நூலகராகிய டேவிட் கேஸ்லி, ஐந்தாம் நூற்றாண்டைச் சார்ந்த அலெக்சாந்திரிய வேதாகமம் என்னும் கிரேக்கச் சுவடியை முதற்கண் காத்தார். இது காட்டன் தொகுதியைச் சார்ந்ததன்று. அரசர் நூலகத்தைச் சார்ந்தது. அந்நூலகமும் அம்மாளிகையிலேயே அப்போது இருந்தது. அலமாரிகளின் பின்புறம் எரியத் தொடங்கவே, அவற்றை உடைத்துத் திறந்து நூல்களைச் சாளரங்களின் வழியே வெளியே எறிந்தனர். பொழுது புலர்ந்தபோது, தீயினாற் கருகியனவும், தீயணைக்க இறைத்த நீரினால் நனைந்தனவுமாகிய சுவடிகள் குவியல் குவியலாய்க் கிடந்தன. ஈரமான தோலேடுகள் பூசணம் பிடித்து அழியுமாதலின், அவற்றைக் கட்டவிழ்த்துத் தனித்தனி உலர்த்தினர்.

இதனை ஆராய்ந்த பார்லிமெண்டுக் குழுவினர் 1732-இல் கணக்கு வெளியிட்டனர். 958 நூல்களுள் 114 அழிந்தன அல்லது முற்றும் கெட்டன, 98 குறையுற்றன. நல்வினைப் பயனாய் லிண்டிஸ்பார்ன் சுவிசேஷச் சுவடி ஊறின்றித் தப்பியது. உரோமை நகர் எரிந்த காலத்து ஆண்ட நீரோவின் பெயர்கொண்ட அலமாரியில் இருந்த நூல் எரியாது பிழைத்தது விந்தையன்றோ! 1215-இல் ஜான் அரசன் அளித்த மகா சாசனத்தின் எஞ்சிய நான்கு படிகளுள் இரண்டு காட்டன் தொகுதியின. அவற்றுள் ஒன்றன் முத்திரை வெப்பத்தால் உருகிக் கட்டியாயிற்று. 1733-இல் ஜான் பைன் என்பவர் அதன் உருவத்தைச் செதுக்கி அச்சிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனைச் செப்பனிடச் செய்த முயற்சி எழுத்துகளை மேலும் கெடுத்துவிட்டது. மூலம் மங்கிற்று, பைன் செதுக்கிய படி நின்றது.

நாம் ஊன்றி நோக்கற்பாலது இதுவே. இத்தொகுதியின் வரலாற்றில் நூலின் உயிரைக் காத்தது பெரும்பாலும் பூட்டன்று, படியெடுத்தலே. மூன்று சான்றுகள் காண்போம்.

முதலாவது, மால்டன் போர் என்னும் பழம்பாடல். 991-இல் நிகழ்ந்த போரைப் பாடிய அப்பாட்டின் ஒரே சுவடி 1731-இல் எரிந்து மறைந்தது. ஆயினும், அதற்குச் சில ஆண்டுகட்கு முன்னரே ஒருவர் அதனைப் பெயர்த்தெழுதியிருந்தார். அப்படியைக்கொண்டு தாமஸ் ஹெர்ன் என்னும் அறிஞர் 1726-இல் அச்சிட்டிருந்தார். எழுதியவர் வேறு யாருமல்லர். தீயினூடே அலெக்சாந்திரியச் சுவடியைக் காத்த அதே கேஸ்லியே என்பது இக்கால ஆராய்ச்சியாளர் துணிபு. இன்று நம் கையிலுள்ள 325 அடிகளும் அவர் எழுதுகோலின் கொடையாகும்.

இரண்டாவது, ஆல்பிரட் மன்னனின் சரித்திரம். ஆஸர் என்னும் மேற்றிராணியார் இலத்தீனில் இயற்றிய அந்நூலின் பழஞ்சுவடியும் அதே தீயில் மாண்டது. 1574-இலேயே மாத்யூ பார்க்கர் என்னும் கான்டர்பரி அத்தியட்சர் அதனை அச்சேற்றியிருந்தமையால் நூல் பிழைத்தது.

மூன்றாவது, பியோவுல்ப் காப்பியம். 3182 அடிகள் கொண்ட இதன் சுவடி எரியாமல் தப்பிய போதிலும், ஓரங்கள் கருகின. கருகிய ஓரம் தொடுந்தோறும் பொடிந்து உதிர்ந்தது. ஏடு உதிர எழுத்தும் உதிர்ந்தது. ஐஸ்லாந்தைச் சார்ந்த தார்க்கெலின் என்னும் அறிஞர் லண்டனுக்கு வந்து, தாம் ஒரு படியும், கூலிக்கு எழுதுவானைக்கொண்டு ஒரு படியும் எழுதுவித்தார். 1807-இல் கோபனேகன் நகரின்மேல் ஆங்கிலேயர் குண்டு வீசியபோது, அவர் வீடும், பதிப்புக்கென அவர் உழைத்து எழுதிய தாள்களும் எரிந்தன; அவ்விரு படிகள் மட்டும் தப்பின. அவர் தளராது மீண்டும் உழைத்து 1815-இல் நூலை வெளியிட்டார். மூலச் சுவடியில் இன்று காணப்பெறாத எழுத்துகள் ஏறத்தாழ இரண்டாயிரம் அப்படிகளினால் விளங்குகின்றன. 1845-இல் ஒவ்வோர் ஏட்டையும் தனித்தனிக் காகிதச் சட்டத்தில் பொருத்திய பின்னரே உதிர்தல் நின்றது.

படியெடுக்கப்பெறாத நூலின் கதி யாது? ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டில் வண்ண ஓவியங்களுடன் எழுதப்பட்ட கிரேக்க ஆதியாகமச் சுவடி ஒன்று அத்தொகுதியில் இருந்தது. தீயின் வெப்பத்தால் அதன் தோலேடுகள் சுருங்கிக் கருந்துண்டுகளாயின. பதினேழாம் நூற்றாண்டில் பெய்ரெஸ்க் என்னும் பிரெஞ்சு அறிஞர் அச்சுவடியை இரவல் பெற்று இரண்டு ஓவியங்களுக்கு மட்டும் படி எழுதுவித்திருந்தார். மற்றைய ஓவியங்களின் பழைய பொலிவை இனிக் காண்பார் இலர்.

எரிந்த துண்டுகளையும் எறிந்துவிடாது வைத்திருந்தமை அந்நாட்டார்க்குப் பெருமையே. 1753-இல் பிரிட்டிஷ் மியூசியம் நிறுவப்பெற்றபோது இத்தொகுதி அதன் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. 1837 முதல் 1866 வரை சுவடிப் பகுதிக்குத் தலைவராயிருந்த சர் பிரடரிக் மாடன், மேன்மாடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த கருகிய துண்டுகளை எடுத்து, விரித்து, ஒட்டி, இனங்கண்டு அடைவுபடுத்தினார். அவ்வுழைப்பின் பயனாக, முற்றும் அழிந்தவை 13 நூல்களே எனத் தெளிவாயிற்று.

அபாயம் அத்துடன் ஒழிந்ததன்று. 1941 மே 10-ஆம் நாள் இரவு பகைவிமானங்கள் வீசிய குண்டுகளால் அங்கே ஏறத்தாழ 2,50,000 அச்சு நூல்கள் அழிந்தன. அருஞ்சுவடிகள் பல முன்னரே வேல்ஸ் தேசிய நூலகத்திற்கு அனுப்பப்பட்டமையால் பிழைத்தன. 1973-இல் மியூசியத்தின் நூற்பகுதி பிரிட்டிஷ் நூலகமாய்த் தனித்து நின்றது. அதன் சுவடிகள் பல கணினி வழியே உலகோர் யாவரும் காணுமாறு படமாக்கப்பெற்றன. 2023 அக்டோபரில் கணினித் திருடர் அந்நூலகத்தைத் தாக்கவே, அப்படங்கள் பல மாதங்கள் காண்டற்கரியன ஆயின. இம்முறை தோலேடுகளுக்கு ஊறில்லை, படிகளே முடங்கின. ஆகலின், மூலம் ஒன்றும் படி ஒன்றும் போதா. படிகள் பலவாதலும், பல இடங்களில் இருத்தலும் வேண்டும் என்பது தேற்றம்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். பழுதுற்ற ஓலையைப் புத்தோலையில் பெயர்த்தெழுதிய பின்னரே பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. நாளடைவில் பெயர்த்தெழுதுதல் நின்றது; ஆற்றில் விடுதல் மட்டும் நில்லாது நடந்தது. அதனால் இழந்த நூல்கள் எத்துணையோ!

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது நும் வீட்டுப் பரணையும் நும் ஊர்க் கோயிலின் பழைய பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். ஓர் ஓலைக்கட்டோ, பாட்டனார் கைப்பட எழுதிய மருத்துவக் குறிப்போ, சபையின் பழம்பதிவேடோ கிடைக்கலாம். அதனை வெயிலிற் காயவைத்தலும் எண்ணெய் பூசுதலும் செய்யாது, அறிந்தாரைக் கேட்டுத் துடையுங்கள், படமெடுங்கள், கூடுமாயின் பெயர்த்தெழுதி ஒரு படியைக் கல்லூரி நூலகத்தில் வையுங்கள். கேஸ்லி மால்டன் பாட்டை எழுதிக்கொண்டிருந்த நாளில், தாம் ஒரு நூலைச் சாவினின்று மீட்கின்றோம் என்பதை அறிந்திரார். அவர் செய்தது ஒரு நாட்பணியே. அத்தகைய பணி நம் ஒவ்வொருவர்க்கும் எளிதாம்.