பொதி கட்டும் கூடம்

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கணிப்பொறி வகுப்பில் லினக்ஸ் பாடம் தொடங்கும்போதெல்லாம், புதிதாகச் சேர்ந்த அன்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கட்டற்ற மென்பொருள் என்றால் மூலநிரல் எல்லாருக்கும் திறந்துதானே கிடக்கிறது? எடுத்து ஓட்டிக்கொள்ள வேண்டியதுதானே, நடுவில் பேக்கேஜ் என்று ஒன்று எதற்கு சார்?" கேள்வி நியாயமானது. இம்முறை அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

மூலநிரல் மனிதர் படிப்பதற்காக எழுதப்படுவது. அதைக் கணிப்பொறி ஓட்டும் வடிவுக்கு மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு வேறு பல மென்பொருள்கள் துணை நிற்க வேண்டும். மாற்றியபின் ஒவ்வொரு கோப்பும் தன் இடத்தில் போய் உட்கார வேண்டும். நாளை வேண்டாம் என்றால் மிச்சமில்லாமல் நீங்கவும் வேண்டும். இத்தனையும் ஒருவர் செய்து ஒரே கட்டாகக் கட்டித் தருவதுதான் பேக்கேஜ். நான் அதைப் 'பொதி' என்று எழுதுகிறேன்.

லினக்ஸ் உலகில் இரண்டு பெரிய பொதிக் குலங்கள் உள்ளன. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனும் அதன் வழிவந்த உபுண்டுவும் 'டெப்' குலம். நம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிதான். ஃபெடோரா, சூசே போன்றவை 'ஆர்.பி.எம்.' குலம். ஒரே குலத்துக்குள்ளும் பதிப்புக்குப் பதிப்பு, செயலகத்துக்குச் செயலகம் பொதி மாறும். சின்னதாக ஒரு மென்பொருள் எழுதியவர், இத்தனைக்கும் பொதி கட்ட வீட்டில் பத்துக் கணிப்பொறி வாங்கி வைக்க முடியுமா?

இதற்காகவே ஓபன்சூசே குழுவினர் 2006-இல் ஒரு பொதுச் சேவையை அறிமுகம் செய்தனர். 2011 முதல் அதன் பெயர் 'ஓபன் பில்ட் சர்வீஸ்'. கட்டணம் கிடையாது. கணக்குத் தொடங்கினால் உங்கள் பெயரில் 'ஹோம்' என்ற தனி இடம் கிடைக்கும். அதில் மூலநிரலையும், பொதி கட்டும் முறையை எழுதிய குறிப்பையும் ஏற்றிவிட்டு, எந்தெந்த லினக்ஸுக்கு வேண்டும் என்று குறித்தால் போதும். மீதியை அங்குள்ள கணிப்பொறிகள் பார்த்துக்கொள்ளும். ஆர்.பி.எம். குலத்துக்கு அந்தக் குறிப்பின் பெயர் 'ஸ்பெக்'. டெப் குலத்துக்கு வேறு வகைக் குறிப்பு எழுதவேண்டும். ஒன்றை எழுதி இரண்டு குலத்தையும் ஒப்பேற்றலாம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்தக் குறிப்புதான் பாடத்தின் உயிர்நாடி. ஊரிலிருந்து அம்மா கடிதத்தில் எழுதி அனுப்பும் சமையல் குறிப்பில் 'தாளித்துக் கொட்டவும்' என்று ஒரே வரிதான் இருக்கும். கடுகும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் அதில் இருக்காது. அவை நம் அடுக்களையில் இருக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதே குறிப்பை, அஞ்சறைப் பெட்டியே இல்லாத ஒரு வெற்று அடுக்களையில், தமிழ்ச் சமையலே அறியாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்! பில்ட் சர்வீஸ் அந்த வெற்று அடுக்களைதான். ஒவ்வொரு முறையும் புத்தம் புதிய ஒரு சூழலை உண்டாக்கி, குறிப்பில் கேட்ட பொருள்களையும் அடிப்படைக் கருவிகளையும் மட்டுமே அதில் வைக்கும். கட்டும் நேரத்தில் இணையத் தொடர்பும் கிடையாது. எழுத விட்டுப்போன பொருளுக்காக வேலை பாதியில் நிற்கும்; எங்கே நின்றது என்று பதிவேடு காட்டும். என் வகுப்பில் முதல் பொதி முதல் தடவையே கட்டி முடிந்து நான் பார்த்ததில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாம் சொல்லாமல் விட்டது எது என்று அப்போதுதானே தெரிகிறது?

கட்டி முடிந்த பொதிக்குச் சேவையே முத்திரை இடும். அந்தரங்கச் சாவி சேவையிடமே இருக்கும். ஒரு துணை மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால், அதைச் சார்ந்த பொதிகளைத் தானாகவே மறுபடி கட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முத்திரை என்பது பொதி எங்கிருந்து வந்தது என்று சொல்லும். உள்ளே இருப்பது நல்லதா என்று சொல்லாது. 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். 'எக்ஸ்.இசட்.' என்ற சுருக்கு மென்பொருளில், ஜியா டான் என்ற பெயரில் ஈராண்டுக்கு மேல் நல்லபிள்ளையாக உழைத்த ஒருவர் கள்ளவாசல் ஒன்றை வைத்துவிட்டார். அதைத் திறந்துவிடும் துணுக்கு, எல்லாரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய கோப்பில் மட்டுமே இருந்தது. அதுவும் டெப் அல்லது ஆர்.பி.எம். பொதி கட்டும்போதுதான் விழித்துக்கொள்ளும். பொதி கட்டுகிறவர்களையே குறிவைத்த வேலை! சூசேயின் டம்பிள்வீட் பதிப்பில் மார்ச் 7 முதல் 28 வரை அது இருந்தது. தொலைவிலிருந்து நுழையும்போது அரை நொடி கூடுதலாவதைக் கவனித்து அதைப் பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர். அடுக்களை சுத்தமாகத்தான் இருந்தது. வந்த அரிசியில் விஷம்.

ஆகவே முன்பின் அறியாதவரின் 'ஹோம்' இடத்திலிருந்து பொதியை எடுக்குமுன் சற்று நில்லுங்கள். ஹோம் யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். பொதியை நிறுவும்போது அதில் உள்ள கட்டளைகள் முழு அதிகாரத்தோடு ஓடும். வீட்டுச் சாவியை ஒப்படைப்பது போலத்தான். பொதியின் குறிப்பும் மூலமும் அங்கேயே திறந்து கிடக்கின்றன, படித்துப் பாருங்கள். சூசேயின் பொதுத் தொகுப்பில் சேரும் பொதி, பிறர் பரிசீலித்து ஏற்றபின் வருவது. எனக்கு அதுவே மேல்.

நீங்களே ஒன்று கட்டிப் பார்க்க விரும்பினால், எழுத்துரு ஒன்றில் தொடங்குங்கள். 'லோஹித் தமிழ்' எழுத்துருவே டெபியனில் ஒரு பொதியாகத்தான் கிடைக்கிறது. எழுத்துருவில் செயலக வேறுபாடு இல்லை. கோப்பை உரிய இடத்தில் வைத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. உரிமக் கோப்பைக் கூடவே சேருங்கள். பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால் பரிசீலிப்பவர்கள் உரிமத்தைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.