முட்டையைக் கேள்

அன்புள்ள தர்சினி,

நிலாவெளியில் சுழியோடி கோமாளி மீனைப் பிடித்து ஏற்றுமதிக்காரருக்கு விற்கிறார், ஆனால் வளவுக்குள் வந்த நட்சத்திர ஆமையை நான் வளர்த்தால் ஏன் மறியல் என்று கேட்டிருக்கிறாய். அழியப்போவதைத் தடுக்கிறார்கள், மற்றதை விடுகிறார்கள் என்று யாரோ உனக்குச் சொன்ன பதில்தான் எனக்கு எரிச்சல். செம்பட்டியல் ஆபத்தைச் சொல்லும் ஆவணம். அதைக் காட்டி எவர்மீதும் வழக்குப்போட முடியாது.

1937ஆம் ஆண்டு விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 2009 திருத்தத்தின்படி, முலையூட்டி, ஊர்வன, பறவைகளில் விலக்கிச் சொன்னவை போக மற்றெல்லாவற்றையும் காக்கிறது. மீனுக்கு எதிர்மாறு: அட்டவணையில் பெயர் சொன்னவற்றுக்கு மட்டுமே காவல். மற்றதெல்லாம் 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் சட்டத்தின் பாடு. நிலாவெளிக் கடலிலுள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது. அதற்குள் எதையும் தொட முடியாது.

என்னைக் கேட்டால், அட்டவணை எழுதுபவர் முதலில் கேட்கவேண்டியது முட்டையைப் பற்றித்தான். கோமாளி மீன் கடற்சாமந்தியின் அடியிலுள்ள கல்லில் முட்டையிடும். ஆண் மீன் செட்டையால் விசிறி, பழுதானதைப் பொறுக்கி எறிந்து, பொரிக்கும்வரை ஏறத்தாழ ஒரு கிழமை காவலிருக்கும். இப்படியான மீனைத் தொட்டியில் பெருக்கலாம், உலகெங்கும் பெருக்குகிறார்கள். ஆனால் ஒரு சாமந்தியில் பெரியது பெண். அதைத் தூக்கினால் ஆண் பெண்ணாக மாறவேண்டும், அடுத்த குட்டி வளர்ந்து ஆணாகவேண்டும். அதுவரை அங்கே முட்டை இல்லை. "சிறிதை விடு, பெரிதைப் பிடி" என்ற கடற்றொழில் வழக்கம் இங்கே தலைகீழாகப் பிழை. இதற்கு வேண்டியது பிடிக்கும் மீனின் அளவுக்கு ஒரு மேல் எல்லை!

வண்ணாத்திப்பூச்சி மீன் முட்டையைத் திறந்த கடலில் விட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் வாரக்கணக்கில் மிதந்து திரியும். தொட்டியில் பெருக்குவது மிகக் கடினம். சில இனங்கள் உயிருள்ள முருகையைத் தவிர வேறெதுவும் தின்னாமல் பட்டினியில் சாகும். "பண்ணையில் பொரித்தது" என்ற சீட்டோடு இது வந்தால் நீ நம்பாதே. இவற்றைப் பிடிக்கவே விடக்கூடாது என்பது என் கட்சி.

இந்த மீன்களை அறிய, றொட்னி ஜோன்க்ளாஸை நூலகத்தில் தேடிப் படி. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், அவருடைய தோழர் மைக் வில்சன் ஆகியோரோடு இந்தக் கடல்களில் சுழியோடியவர், வண்ணமீன் ஏற்றுமதியிலும் முன்னோடி. கையில் வலையோடு கடலில் இறங்கியவர் சட்டம் எழுதுபவரைவிட மீனை அறிவார். 

ஆமைக்கு வருகிறேன். சில முட்டை, முதிர்ச்சிக்குப் பல வருடம். கூட்டில் பெருக்கலாம், உண்மைதான். ஆனால் காட்டில் பிடித்ததும் கூட்டில் பொரித்ததும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இனப்பெருக்க அனுமதி கொடுத்த மறுநாளே காட்டு ஆமை "பண்ணை ஆமை" ஆகிவிடும். 2019இல் அதை வனவிலங்கு வணிகம் பற்றிய சைட்டீஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்புக்கு ஏற்றினார்கள். தாய் தகப்பன் ஆமைகளின் பதிவு இல்லாமல் எவருக்கும் அனுமதி கொடுக்கக்கூடாது. உனக்கும்தான், பிள்ளை. வளவுக்குள் வந்ததை வந்த பற்றைக்குள்ளேயே விடு. அடுத்த கிழமை சுழியோடியிடம் ஒரு கேள்வி கேட்டு எனக்கு எழுது: ஒரு சாமந்தியில் எத்தனை மீனை விட்டுவைக்கிறார்?

அன்புடன்,
உன் சேர்