நன்கொடை மேசையில் உட்காரப்போகும் தங்கச்சிக்கு



உன் செய்தியை நேற்றிரவு படித்தேன். "விளையாடத்தான் பேர் கொடுத்தேன் அண்ணே, என்னைக் கொண்டுபோய் நன்கொடை மேசையில போட்டுட்டாங்க" என்று எழுதியிருந்தாய். மனசு சுருங்கிப் போயிருப்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்தது. ஆனால் நீங்கள் நிதி திரட்ட நேரலையில் வீடியோ கேம் விளையாடப்போகும் அந்த 24 மணி நேரத்தில், கொடுப்பவர்களின் பேரையும் செய்தியையும் மைக்கில் வாசிக்கும் ஆகக் கடினமான நாற்காலி உனக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதில் சில வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

யாருக்காகச் சேர்க்கிறோம் என்பதை முதலில் நினைத்துப் பார். சிறுநீரகம் கைவிட்ட ஒருவர் வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். நீங்கள் விடிய விடிய விளையாடப்போகும் 24 மணி நேரம் அவருக்கு இரண்டு வாரக் கணக்கு. என் அம்மாவை ஆறு வருடம் அப்படிக் கூட்டிக்கொண்டு போனேன். லயத்திலிருந்து செம்மண் சாலை, பிறகு செம்பனை லாரிகள் ஓடும் தார்ச்சாலை, அப்புறம்தான் டவுன். எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. கார் இல்லாதவர்கள் ஒரு முறையைத் தவறவிட்டு, கால் வீங்கி, மூச்சு வாங்க அடுத்த முறைக்கு வந்து சேர்ந்ததை அந்த வராந்தாவில் பார்த்திருக்கிறேன். நீங்கள் சேர்க்கும் பணம் அந்த வண்டிச் செலவுக்குப் போகிறது என்கிறாய். சரியான இடம்.

இந்த மாரத்தான் விளையாட்டு எப்படித் தொடங்கியது தெரியுமா? இன்று உலகம் முழுக்க ஆட்கள் பார்க்கும் 'கேம்ஸ் டன் குயிக்' 2010 ஜனவரியில் அமெரிக்காவில் பிறந்தது. வீடியோ கேம் விழா ஒன்றில், ஒரு ஹோட்டலில் நடத்தத் திட்டம் போட்டார்கள். அங்கே இணைய வேகம் போதவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு, ஏற்பாட்டாளர் மைக் உயாமாவின் அம்மா வீட்டு நிலவறைக்குப் போய்விட்டார்கள். பழைய டிவி, ஒரு சோபா, ஒரு கூட்டம் பிள்ளைகள். அந்த முறை கேர் என்ற அறநிறுவனத்துக்கு 10,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. நான்கே வருடத்தில், 2014 ஜனவரியில், புற்றுநோய்த் தடுப்புக்காக ஒரே வாரத்தில் ஒரு மில்லியன் டாலரைத் தாண்டினார்கள். நம் மண்டபத்தில் லைன் சரியாக வராது என்று நீ கவலைப்படுவதால்தான் இதைச் சொல்கிறேன். அவர்களும் லைன் வராத இடத்திலிருந்துதான் தொடங்கினார்கள்.

அதற்கும் முன்னால், 2007இல், கனடாவின் விக்டோரியா நகரத்தில் ஒரு நகைச்சுவைக் குழு 'டெசர்ட் பஸ்' விளையாடிப் பணம் சேர்த்தது. அது வெளியிடப்படாமலே போன ஒரு பழைய கேம். டூசான் நகரத்திலிருந்து லாஸ் வேகஸுக்கு ஒரு காலி பஸ்ஸை ஓட்ட வேண்டும். உண்மையில் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், எட்டு மணி நேரம். எதிரே வண்டி இல்லை, திருப்பம் இல்லை. பஸ் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் இழுக்கும், அதனால் கையை எடுக்க முடியாது. போய்ச் சேர்ந்தால் ஒரு புள்ளி. இதைப் பார்க்க யார் பணம் கொடுப்பார்கள்? கொடுத்தார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு டாலர், அடுத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 7 விழுக்காடு கூட என்று கணக்கு வைத்து, கொடுக்கக் கொடுக்க ஓட்டினார்கள். மருத்துவமனையில் கிடக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பணம் போனது. அந்த பஸ்ஸில் பார்க்க ஒன்றுமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்களுக்காகத்தான் ஆட்கள் விழித்திருந்தார்கள். உன் வேலை அந்தப் பக்கத்து இருக்கை வேலை.

நமக்கு இது புதுசும் இல்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு உபயக்காரர் பேர் வாசிப்பவரை நீ பார்த்திருப்பாய். எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். நூறு வெள்ளி கொடுத்த கிராணிக்கும், இரண்டு வெள்ளி கொடுத்த களையெடுக்கும் பாட்டிக்கும் அவர் குரல் ஒரே உயரத்தில்தான் இருக்கும். பாட்டியின் பேரை ஒரு நாளும் அவர் வேகமாகக் கடந்துபோனதில்லை. வாசித்து முடித்ததும் பற்றுச்சீட்டுக் கட்டைக் கையில் தூக்கிக் காட்டுவார். மைக்கில் எப்படிப் பேசுவது என்று நான் படித்தது அவரிடம்தான்.

சின்னக் காசை எண்ணிப் பெரிய காரியம் செய்தவர்கள் நம் ஆட்கள். மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறைக்காக 1950களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது ஆளுக்கு ஒரு வெள்ளிதான் கேட்டார். துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்குத் துன் சம்பந்தன் 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். கூட்டுறவில் போட்ட பணம் தர்மக் காசு இல்லை, அது வேறு. ஆனால் பத்து வெள்ளி கொடுத்தவனின் பேரும் புத்தகத்தில் ஏற வேண்டும் என்ற ஒழுங்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அதனால் பேரைச் சரியாக வாசி. நீ செய்யப்போகும் வேலையில் முக்கால்வாசி இதுதான். திரையில் எல்லாப் பேரும் ஆங்கில எழுத்தில் வரும். அது வள்ளியா வல்லியா என்று சந்தேகம் வந்தால் ஒரு வினாடி நிறுத்தி யோசி. மலாய்ப் பேர், சீனப் பேர் வந்தால் பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் மெதுவாகக் கேட்டுக்கொள். ஊர்ப் பேரையும் விடாதே. பெஸ்தாரி ஜெயா என்று எழுதாமல் பத்தாங் பெர்ஜுந்தை என்றே எழுதும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி என்று தோட்டப் பேரைப் போட்டு அனுப்புவார்கள். தென்னமரம் தோட்டத்திலிருந்து ஒருவர் அனுப்பினால் கொஞ்சம் நிதானமாகச் சொல். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் அங்கேதான் போடப்பட்டது. நட்டவர் பிரெஞ்சுக்காரர், தோட்டத்தின் பேர் மட்டும் நம் தமிழ். லயத்தை விட்டுக் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட ஒருவர் தன் தோட்டத்துப் பேரை இன்னொருவர் வாயால் கேட்டால் அந்த இரவு முழுக்க டிவியை அணைக்க மாட்டார்.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். விடியற்காலை நான்கு மணி இருக்கும். கண் எரிகிறது. பத்து வெள்ளி வந்தது, கூடவே "அம்மா பேரில்" என்று தொடங்கும் செய்தி. மீதியைப் படிக்காமல் உற்சாகமாக மைக்கில், "அம்மா சீக்கிரம் குணமாகி வரட்டும், எல்லாரும் கை தட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள். இரண்டு நிமிடம் கழித்து அதே பேரில் இன்னொரு இரண்டு வெள்ளி. "அம்மா போன மாசம் தவறிட்டாங்க அண்ணே. பரவாயில்லை." கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் 'பரவாயில்லை'யை இன்று வரை மறக்க முடியவில்லை. மைக்கிலேயே மன்னிப்புக் கேட்டேன், அவர் அம்மா பேரைச் சரியாகச் சொன்னேன், விளையாடிக்கொண்டிருந்த பையன் தானாகவே ஆட்டத்தை நிறுத்தி எழுந்து நின்றான்.

அன்றிலிருந்து கடைசி எழுத்து வரை மனசுக்குள் படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். நீயும் அப்படியே செய். முடிந்தால் உனக்கு முன்னால் ஒருவரை உட்கார வைத்துச் செய்திகளைச் சலிக்கச் சொல். பெரிய மாரத்தான்களில் அதற்கென்றே தொண்டர்கள் இருக்கிறார்கள். கெட்ட வார்த்தை வரும், அரசியல் வரும். நல்ல மனசோடு தன் ஐசி நம்பரையும் போன் நம்பரையும் எழுதிவிடுபவர்களும் உண்டு. "பக்கத்து வீட்டு இன்னாருக்குச் சிறுநீரகம் போச்சு, அவருக்காக" என்று எழுதுவார்கள். அந்த இன்னாரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் அவர் பேரை வாசிக்காதே. நோயாளியின் படத்தைத் திரையில் காட்டினால் வசூல் கூடும் என்று உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். கூடும்தான். என் அம்மாவின் ஊசி குத்திய கையை யாராவது அப்படிக் காட்டியிருந்தால் நான் மன்னித்திருக்க மாட்டேன். நீ எழுந்து முடியாது என்று சொல்லிவிடு.

எப்போது வாசிப்பது என்பதும் ஒரு கலை. ஆடுபவரின் தோளைப் பார். கடினமான இடம் வந்தால் தோள் ஏறும், அப்போது பேசாதே. திரை தானாக நகரும் இடங்கள் பல கேமில் உண்டு. ஆட்டத்துக்கு முன்னாலேயே அவரிடம் கேட்டு அந்த இடங்களைத் தாளில் குறித்துக்கொள். வாசிக்க வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டாலும் அவசரப்படாதே, இடைவேளையில் வாசிக்கலாம்.

பார்ப்பவர்களுக்கும் ஆட்டத்தில் ஒரு கை கொடு. 'சூப்பர் மெட்ராய்டு' ஆட்டத்தின் கடைசியில் கிரகம் வெடிக்கப்போகும்போது, ஒரு மூலையில் சில பிராணிகள் மாட்டிக்கொண்டிருக்கும். காப்பாற்றப் போனால் ஆடுபவருக்குச் சில வினாடி நஷ்டம். காப்பாற்றுவதா, விட்டுவிட்டு ஓடுவதா என்று 'கேம்ஸ் டன் குயிக்'கில் நன்கொடையாலேயே வாக்குப் போட வைத்தார்கள். அந்தச் சின்னப் பிராணிகளுக்காகப் பல முறை ஆட்கள் சண்டை பிடித்துப் பணம் கொட்டியிருக்கிறார்கள். நாயகனுக்குப் பேர் வைக்கும் உரிமையையும் இப்படிக் கொடுக்கலாம். தோட்டத்துத் தாத்தா ஒருவர் பேரில் அந்த வீரன் டிராகனை வெட்டினால் பேரப்பிள்ளைகள் தூங்கவா போகும்?

பணம் யார் கையிலும் நிற்கக் கூடாது, உன் கையிலும்தான். உங்கள் தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய சொந்தக் கணக்கின் கியூஆரைத் திரையில் போட விடாதே. நேராக, நோயாளிகளின் வண்டிச் செலவைப் பார்க்கும் அந்த அறநிறுவனத்தின் கணக்குக்கே போகட்டும், பெரிய மாரத்தான்களிலும் அப்படித்தான். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் என்றால் கொடுப்பவருக்கு வரிக்கழிவு ரசீதும் கிடைக்கும். கடைத்தெருவில் உண்டியலும் ஏந்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தெரு வசூலுக்கு 1947ஆம் வருடத்துச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும் என்று சொல். முடிந்த மறுநாளே மொத்தத் தொகையை எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடுங்கள்.

மின்சாரம், லைன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபைபரோடு, வேறொரு நிறுவனத்தின் சிம்மில் ஒரு ஹாட்ஸ்பாட்டும் வேண்டும். யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். நம் பக்கம் சாயங்கால இடி மட்டும் இல்லை, நீரிணையைத் தாண்டி வரும் சுமத்திராக் காற்று விடியற்காலையில்தான் அடிக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவே பத்து நிமிடம் விடுங்கள்.

இரவு ஆள் இருக்காது என்று பயப்படாதே. நமக்குக் காலை மூன்று மணி என்றால் லண்டனில் அப்போதுதான் சாப்பாட்டு நேரம். ஐந்து மணிக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்குப் போக எழுந்த பழக்கம் விடாத கிழவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். தேத்தண்ணி போட்டுக்கொண்டு போனைத் திறப்பார்கள். அவர்களுக்கு வணக்கம் சொல்லித் தொடங்கு.

இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை மேசைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதில் என் பேரைப் போட்டுக்கொள். புக்கிட் ரோத்தான் வழியாக ஒன்றரைக்கே வந்துவிடுவேன். ஃபிளாஸ்க்கில் மைலோ கொண்டு வருகிறேன். நீ வாசி, நான் உனக்கு முன்னால் உட்கார்ந்து செய்திகளைச் சலித்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்