மூக்கின் வழியே புற்றுநோய் அறுவை: தாராவித் தொழிலாளர் அறியவேண்டியவை

மும்பையின் தாராவியில் தோல் பொருள்கள் தயாரிக்கும் சிறு பட்டறைகள் பல உள்ளன. தமிழகத்திலிருந்து குடியேறிய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் ஈடுபட்டு வந்துள்ளன. தோலை வெட்டித் தேய்க்கும்போது எழும் நுண்ணிய தூசி மூக்கின் உட்பகுதியில் படிகிறது. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் பகுதியில் காலணித் தொழிலாளரிடையே மூக்குப் புற்றுநோய் மிகுந்திருப்பது 1970இல் வெளியான ஆய்வில் எடுத்துக்காட்டப்பட்டது. தோல் தூசி, மரத்தூள் இரண்டையுமே புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது.

இந்நோய் அரிதானது, ஆனால் தோன்றும் இடம் ஆபத்தானது. மூக்கின் மேற்கூரையே மூளையைத் தாங்கும் மண்டையோட்டின் அடித்தளமாகும். பக்கச் சுவருக்கு அப்பால் கண் உள்ளது. எனவே கட்டி சிறிது வளர்ந்தாலும் இவ்வுறுப்புகளை எட்டிவிடக்கூடும்.

பழைய முறையும் புதிய முறையும்

முகத்தையும் நெற்றி எலும்பையும் திறந்து இத்தகைய கட்டியை அகற்றும் முறையை 1963இல் அமெரிக்காவின் கெட்சம் குழுவினர் விளக்கி வெளியிட்டனர். அது பல உயிர்களைக் காத்தது. ஆயினும் முகத் தழும்பும் நீண்ட மருத்துவமனை வாசமும் தவிர்க்க இயலாதவையாயின.

ஹெரால்டு ஹாப்கின்ஸ் உருவாக்கிய கண்ணாடித் தண்டு வில்லைகளால் மெல்லிய, தெளிவான எண்டோஸ்கோப் சாத்தியமாயிற்று. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் பருமனுள்ள அக்குழாயை மூக்கினுள் செலுத்தி, திரையில் காட்சியைப் பார்த்தபடியே அறுவை செய்கின்றனர். மூக்கறையில் தொங்கும் பகுதியை முதலில் குறைத்து, கட்டி வேர்கொண்ட இடத்தைக் கண்டறிந்து, அவ்விடத்தை எலும்புடனும், தேவையானால் மூளையின் உறையுடனும் அகற்றுகின்றனர். மூளையைச் சூழ்ந்த நீர் கசியாதிருக்க அத்திறப்பை அடைக்க வேண்டும். மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வை, அதன் இரத்தக்குழாய் அறாமல் திருப்பி மூடும் முறை 2006இல் வெளியானபின் இப்பணி எளிதாயிற்று.

தழும்பின்மை இச்சிகிச்சையின் இலக்கன்று. நோயை எச்சமின்றி நீக்குவதே இலக்கு. முகத்தோலிலோ மூளையினுள் வெகுதூரமோ கட்டி பரவியிருப்பின் திறந்த அறுவையே தேவைப்படலாம். பலருக்குப் பின்னர்க் கதிர்வீச்சும் அளிக்கப்படுகிறது.

பொருளாதாரக் கணக்கு

நாட்கூலி பெறுவோருக்கு மருத்துவமனையில் கழியும் ஒவ்வொரு நாளும் ஊதிய இழப்பு. ஆதலால் விரைவில் வீடு திரும்புதல் குடும்பத்திற்குப் பெரும் ஆதாயம். மறுபுறம், கருவிகளின் விலை அதிகம். காது மூக்கு தொண்டை நிபுணரும் நரம்பியல் அறுவை நிபுணரும் இணைந்து தேர்ச்சி பெறவேண்டும். அரிய நோய்க்காக எல்லா மருத்துவமனைகளிலும் இவ்வசதியை ஏற்படுத்துவது சிக்கனமாகாது. தேர்ந்த சில மையங்களும், அவற்றிற்கு நோயாளியைக் காலத்தே அனுப்பும் ஏற்பாடுமே பொருத்தமானவை.

பரேலிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனை 1941இல் தொடங்கப்பட்டு, 1962இல் அணுசக்தித் துறையின் நிர்வாகத்திற்கு வந்தது. மாட்டுங்காவிலிருந்து மத்திய ரயில்வே புறநகர் வண்டியில் தாதரை அடுத்த நிலையமே பரேல். தாராவியை ஒட்டிய சயானில் மாநகராட்சியின் லோகமான்ய திலக் மருத்துவமனை உள்ளது. ஆகவே இங்குத் தொலைவு தடையன்று, தாமதமே தடை.

செய்யத்தக்கவை

மூக்கடைப்பையும் சளியையும் தூசியின் விளைவென்று ஒதுக்குவது தொழிலாளரிடையே இயல்பு. இந்நோய் அரிதாதலின் அனைவரையும் பரிசோதிப்பது பயன் தராது. அறிகுறி உடையோரைத் தவறவிடாதிருப்பதே தேவை. ஒரு பக்கம் மட்டும் நீடிக்கும் அடைப்பு, அப்பக்கத்தில் அடிக்கடி இரத்தக் கசிவு, மணம் குன்றுதல், கண் பிதுங்குதல், இரட்டைப் பார்வை ஆகியவை தோன்றினால் காது மூக்கு தொண்டைப் பிரிவில் எண்டோஸ்கோப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இவற்றிற்குப் பெரும்பாலும் வேறு எளிய காரணங்களே இருக்கும்; ஆயினும் உறுதி செய்துகொள்வது நலம். மருத்துவரும் நோயாளியின் தொழிலைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பட்டறைகளில் தூசியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி, காற்றோட்டம், ஈரத்துணியால் துடைத்தல், முகமூடி ஆகியவை செலவு குறைந்த தடுப்பு முறைகள். 2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை சிகிச்சைக் காப்பு அளிக்கிறது. தொழிற்சங்கங்களும் சேவை அமைப்புகளும் இச்செய்திகளைப் பட்டறைதோறும் கொண்டு சேர்த்தால், உயர் அறிவியலின் பயன் உழைப்போரைக் காலத்தே சென்றடையும்.