சித்திரை வெயிலுக்குத் தாங்குமா இந்த மீன்?

ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட தொட்டியில் ஏறக்குறைய 680 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இவ்வளவு இடம் இருக்கும்போது எந்த மீனோடு எதை விட்டால் என்ன என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. செடி வளர்க்கும் பெரிய தொட்டிகள் பெரும்பாலும் அந்த எண்ணத்தால்தான் கெடுகின்றன. சங்கரன்கோவில் போன்ற ஊரில் தொட்டி வைப்பவர், எந்த மீன் எதோடு சண்டை போடாது என்பதை இரண்டாவதாகக் கேட்டால் போதும். வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரிலும், சித்திரை வைகாசியில் அந்தத் தண்ணீர் ஏறி நிற்கும் சூட்டிலும் எவையெல்லாம் ஒருசேர நலமாக இருக்கும் என்பதே முதல் கேள்வி. சூட்டில் தளர்ந்த மீன் மூலையில் ஒதுங்கும், கூட்டத்தோடு நீந்தாது. மற்ற மீன்கள் அதைத்தான் கொத்தும். குணக்கேடு என்று நாம் பழி சொல்லும் பல சண்டைகளுக்கு மூலம் தண்ணீரில் இருக்கிறது.

இந்த ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிறது. கோடையில் விசிறி இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் அது 7.3 ஆகக் குறைகிறது. அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாகவும் தேவைப்படுகிறது. போதாக்குறைக்கு, பகலில் ஆக்சிஜன் தரும் செடிகள் விளக்கு அணைந்ததும் மீன்களோடு சேர்ந்து அதை உறிஞ்சத் தொடங்கும். செடி அடர்ந்த தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். ஆகவே தங்கமீன், நியான் டெட்ரா, ரோஸி பார்ப் மூன்றையும் முதலிலேயே நீக்கிவிடுவேன். மூன்றுமே குளிர்ந்த தண்ணீரை விரும்புபவை. தங்கமீன் இளஞ்செடிகளையும் மேய்ந்துவிடும். மிஸ் கேரளா என்று விற்கப்படும் டெனிசன் பார்பையும் நீக்குவேன்; இதில் பலர் என்னோடு உடன்பட மாட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கத்து மீன், நமக்கு ஒத்துவராதா என்பார்கள். மலை நெருக்கம்தான், தண்ணீர் நெருக்கம் இல்லை. அது ஆக்சிஜன் நிறைந்து வேகமாக ஓடும் கேரளத்து மலையோடைகளில் கூட்டமாக வாழ்வது. அலங்காரத்துக்காக அளவில்லாமல் பிடிக்கப்பட்டு, அழியும் அபாயப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

சென்னைக் கொளத்தூரிலிருந்து வரும் பண்ணை மீன்கள் தலைமுறை தலைமுறையாக உப்பு கரைந்த கடின நீரில் பிறந்து வளர்ந்தவைதானே, பிறகு தண்ணீரைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். ஏஞ்சல், கப்பி, மோலி ஆகியவற்றுக்கு அது முழுக்கச் சரி. ஆனால் பண்ணையில் பிறந்ததால் தண்ணீரின் கடினத்தன்மையைத் தாங்கும் மீன் வெயிலையும் தாங்கும் என்று ஆகிவிடாது. நம் குழாயில் வரும் கடினமான ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அதன் பிஎச் அளவு 8ஐ ஒட்டி நிற்கும்போது, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவில் நஞ்சாக மாறும் பங்கு, பிஎச் 7ல் இருப்பதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. சூடு கூடினால் அதுவும் கூடும். மென்மையான தண்ணீரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய நெரிசல் இங்கே கொல்லும். முழுக்க ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறலாமே என்றால், 680 லிட்டரில் வாரம் கால்வாசி மாற்றவே 170 லிட்டர் வேண்டும், அதைத் தயாரிக்க அதைவிட அதிகமான தண்ணீரைக் கழிவாக விட வேண்டும். தண்ணீர் தட்டுப்பாடு தெரிந்த ஊரில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆர்.ஓ. தண்ணீரை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் மேல் சிறு விசிறி வைத்தால், நம் வறண்ட காற்றில் தண்ணீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த அளவுக்கு மறுபடியும் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த ஈடுகட்டலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ சேமித்த மழைநீரோ போதும்.

சூடு, கடின நீர் என்ற இந்த இரண்டு சல்லடையிலும் தேறியவற்றில் எனக்கு முதலில் படுவது போஸ்மணி ரெயின்போ. நியூ கினியாவின் சுண்ணாம்புப் பாறை நிலத்து ஏரிகளைச் சேர்ந்தது. கடின நீரிலும் நிறம் மங்காது, பொதுவாகச் செடிக்குத் தொல்லை தராது. பத்துக்குக் குறையாமல் விட்டால் நடுத்தட்டு முழுக்க ஓட்டம் இருக்கும். அதோடு, முதுகுத் துடுப்பில் இழை நீளும் ஃபிலமென்ட் பார்ப் கூட்டத்தைச் சேர்க்கலாம். தமிழ்நாட்டு, கேரளத்துச் சமவெளி ஆறுகளில் வாழும் மீன், வேகத்தில் ரெயின்போவுக்கு ஈடு. அடித்தட்டில் சூடு தாங்கும் ஸ்டெர்பாய் கோரிடோராஸ், கூரற்ற மணல் இருந்தால் மட்டும். ஏஞ்சல்தான் வேண்டும் என்பவர் இந்த ஓட்டக்காரர்களை விட்டுவிட்டு, முத்து கௌராமியோடு நிதானமான தொட்டியாக அமைக்கட்டும். இரண்டையும் கலந்தால் வேகமானவை தீனியை முடித்துவிடும், ஏஞ்சலின் நீண்ட துடுப்பும் தப்பாது. புலி பார்ப் எந்த ஏஞ்சலோடும் வேண்டாம். டேங்க் கிளீனர் என்று கையில் திணிக்கப்படும் சக்கர் மீன் ஒன்றரை அடி வரை வளர்ந்து செடிகளைப் பெயர்க்கும்; பாசிக்குச் சிறிய பிரிஸில்நோஸ் ஒன்றிரண்டு போதும். செடியிலும் இதே கணக்குதான். கடின நீரிலுள்ள பைகார்பனேட்டையே கரி உணவாக எடுத்துக்கொள்ளும் வாலிஸ்னேரியா இங்கே செழிக்கும். கட்டையில் கட்டிய அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் மீன்கள் தின்பதில்லை.

நம் ஆற்று மீன் என்ற ஆசையில் தாமிரபரணிக்குப் போய் வலை போடலாமா என்ற கேள்விக்கு என் பதில் கண்டிப்பாக இல்லை. தாம்ப்ரபர்ணி பார்ப் உலகில் அந்த ஆற்றுப் படுகையில் மட்டுமே உள்ளது. ஆற்றின் மேற்பகுதி 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கே மீன் பிடிப்பது குற்றம். ஃபிலமென்ட் பார்ப் வாங்கும்போதும் பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஒரே அளவுக் குஞ்சுகள் நிறைய இருந்தால் பண்ணையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். பெரிதும் சிறிதுமாக, செதில் உதிர்ந்து, வேறு சில ஆற்று மீன்களும் கலந்து கிடந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.