பழைய சிஸ்டத்தில் கேம் ஆட வருகிற தம்பி தங்கைகளுக்கு

சேலத்திலும் நாமக்கல்லிலும் செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் விற்கும் கடைக்குப் போனால், கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் பெட்டிகள்தான் நிறையக் கண்ணில் படும். டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர், மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை ஐ5. கணக்கெழுதச் செய்த பெட்டி. வீட்டுக்குக் கொண்டுவந்து கேமைப் போட்டதும் லேக் அடிக்கும். உடனே ராம் வாங்க ஓடுவார்கள். கண்ணு, நான் சொல்லப்போவது எல்லாம் ஒன்றில் அடங்கும்: எது இழுத்துப் பிடிக்கிறது என்று தெரியும்வரை பையிலிருந்து காசை எடுக்காதே.

1. முதலில் அளந்து பார். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசமாகக் கிடைக்கிறது. ஆடும்போதே திரை ஓரத்தில் எஃப்பிஎஸ், சூடு, கார்டின் சுமை எல்லாவற்றையும் காட்டும். கிராபிக்ஸ் கார்டு 97, 98 சதவீதத்தில் நின்றால் தடை அங்கே. கார்டு 60 சதவீதத்தில் சும்மா இருந்தும் எஃப்பிஎஸ் ஏறவில்லை என்றால் பிராசஸரைச் சந்தேகப்படு. நான்கு கோர் பிராசஸரில் ஒரு கோர் முழுதாகத் திணறினாலும் மொத்தக் கணக்கு முப்பது சதவீதம் போலத்தான் காட்டும். ஒவ்வொரு கோரையும் தனியாகப் பார். ராம் நிரம்பி டிஸ்க் 100 சதவீதத்தில் ஓடினால் ராம் பற்றவில்லை. பத்து நிமிடம் நன்றாக ஓடி, சூடு ஏற ஏற எஃப்பிஎஸ் விழுந்தால் வேறெதையும் தேடாமல் அடுத்த அறிவுரைக்குப் போ.

2. பெட்டியைத் திறந்து சுத்தம் செய். இதற்குக் காசே வேண்டாம், பலன் பெரிது. பள்ளிபாளையம், குமாரபாளையம், அம்மாபேட்டைப் பக்கம் தறிப்பட்டறையை ஒட்டி வீடு என்றால் பஞ்சுத் தூசி ஹீட்சிங்க் இடுக்குகளை மொத்தமாக அடைத்துவிடும். ஃபேன் சுற்றும், காற்று போகாது. கோழித்தீவன மில் பக்கம் இருந்தாலும் இதே கதி. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு வாசலில் வைத்துப் பிரஷ்ஷால் தட்டு. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும். ஹீட்சிங்க்கைக் கழற்றினால் காய்ந்த பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வை. இன்டெல் பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அறையின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் சிப்பின் சூடும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். மார்கழியில் நன்றாக ஓடியது சித்திரையில் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

3. செட்டிங்ஸைக் குறைக்க வெட்கப்படாதே. 1920×1080 திரையில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சுமார் 20.7 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும். 1280×720-ல் 9.2 லட்சம்தான், பாதிக்கும் குறைவு. அடுத்து ஷேடோவைக் குறை, பிறகு ஆன்டி-அலையாசிங்கை. டெக்ஸ்சர் கார்டின் நினைவகத்தைத் தின்னும். இடம் இருந்தால் அதை விட்டுவை. தூரத்துக் காட்சி, கூட்டத்தின் அளவு இரண்டும் பெரும்பாலும் பிராசஸர் மேல் ஏறும் சுமை. 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான். அது எட்டவில்லையா? 35-க்கும் 60-க்கும் நடுவே குதிப்பதைவிட 40-ல் பூட்டி வை. கண்ணுக்கும் சுகம், பெட்டிக்கும் சூடு குறைவு.

4. ராம் வாங்கினால் ஜோடியாகப் போடு. தனிக் கார்டு இல்லாத பெட்டியில் கிராபிக்ஸ் வேலையும் இதே ராமில்தான் நடக்கும். டிடிஆர்3-1600 ஒற்றையாக இருந்தால் நொடிக்கு 12.8 ஜிபி போக்குவரத்து. இரட்டைச் சேனலில் 25.6. எனவே ஒரு 8 ஜிபியைவிட இரண்டு 4 ஜிபி மேல். டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 நுழையாது. உன் ராம் எந்தச் சேனலில் ஓடுகிறது என்பதை சிபியு-இசட் காட்டும்.

5. எஸ்எஸ்டி எஃப்பிஎஸ்ஸை ஏற்றாது. அது லோடிங்கைக் குறைக்கும். ஜிடிஏ 5 போன்ற திறந்த உலகக் கேமில் ஓடும்போது வரும் திடீர்த் திக்கலையும் தணிக்கும். அதற்காக வாங்கு, வேறொன்றை எதிர்பார்த்து வாங்காதே.

6. கார்டு வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ்ஸைப் பார். மதர்போர்டின் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். ஆபீஸ் பெட்டிகளில் இருக்கும் சிறிய எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான தனி ஒயர் பெரும்பாலும் இருக்காது. 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இந்த 75 வாட்டுக்குள் அடங்கும். அதனால்தான் இன்னும் அதைத் தேடுகிறார்கள். ஒல்லிப் பெட்டி என்றால் குட்டை கார்டுதான் உட்காரும். ஜிடி 1030 வாங்குவதாக இருந்தால் ஜிடிடிஆர்5 தானா என்று கேள். அதே பெயரில் டிடிஆர்4 வகையும் உண்டு. நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 16.8 தான்.

7. ஸ்டிக்கரை நம்பாதே. பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்பவர்கள் உண்டு. ஜிபியு-இசட் பல போலிகளைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். கிரிப்டோ நாணயமான எத்தீரியம் 2022 செப்டம்பர் 15-ல் மைனிங் முறையைக் கைவிட்டபின், அதற்காக இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தையில் குவிந்தன. கடையிலேயே அரைமணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடு. டிஸ்க்கை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார். எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அதில் தெரியும்.

8. 'கேம் பூஸ்டர்' எதையும் போடாதே. மேடேற முடியாத லாரிக்கு ஏர் ஹாரன் மாட்டுகிற வேலை அது. கிராக் கேம்களில் மைனர் ஒளிந்து வரலாம்; நீ ஆடாதபோதும் ஃபேன் அலறினால் அதைச் சந்தேகப்படு. எபிக் கேம்ஸ் கடையில் வாராவாரம் காசில்லாமல் கேம் கிடைக்கிறது, அதை எடுத்துக்கொள்.

9. விண்டோஸ் விஷயத்தில் முன்யோசனை வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0-வும். சோதனையைத் தாண்டி எப்படியாவது ஏற்றிவிடலாம் என்பார்கள். ஏறும், ஆனால் விண்டோஸ் 11-ல் வேலரன்ட் டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் இல்லாமல் திறக்காது. வேலரன்ட்டுக்காகத்தான் பெட்டி வாங்குகிறாய் என்றால் இதை வாங்கும் முன்பே கேள்.

10. கரண்ட்டைக் கவனி. எர்த் இல்லாத பிளக்கில் பெட்டியை மாட்டாதே. கோடையில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெரு என்றால், கார்டுக்கு முன் நல்ல எஸ்எம்பிஎஸ், அதன்பின் யுபிஎஸ். மலிவு எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

11. அரசு லேப்டாப்பை விலைக்கு வாங்காதே. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்கள் படிக்கக் கொடுத்தது அது, விற்பனைக்கு அல்ல. உன் அண்ணனோ அக்காவோ வாங்கியது பரணில் கிடந்தால் தாராளமாக எடு. சுத்தம் செய்து, காலி ராம் ஸ்லாட் இருந்தால் நிரப்பி, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டி போடு. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ், கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போன்றவற்றை அதில் ஆடலாம். 2023-ல் சிஎஸ்கோவின் இடத்துக்கு வந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 2-ஐ அதில் எதிர்பார்க்காதே.

12. எங்கே நிறுத்துவது என்று முன்பே முடிவு செய். பெட்டியின் விலையில் பாதிக்கு மேல் அதற்குள் போடாதே; அந்தக் காசைச் சேர்த்தால் அடுத்த தலைமுறைப் பெட்டியே வரும். அளப்பது, சுத்தம், செட்டிங்ஸ், ராம், எஸ்எஸ்டி, கார்டு: இதுதான் வரிசை. ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே கேமில், அதே இடத்தில் நின்று மறுபடி அளந்து பார். எதிர்பார்த்த எண் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள். எண் அசையாவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். அதனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் ஒரு வாரம் தவணை பேசி, பில்லில் எழுதி வாங்கிக்கொள்.